அடிக்கட்டையில் விழுந்த கையெழுத்து

பெயர்: பெத்ரோனா மத்தேயோ பல்தசார். வயது: 57. கணவர் பெயர்: அந்திரேஸ் ஹுவான் (காலமானவர்). தொழில்: பிரசவம் பார்த்தல். சொந்த ஊர்: குவாதமாலா நாடு, வேவேதெனாங்கோ மாவட்டம், யாலான்விட்ஸ் கிராமம். தற்போதைய இருப்பிடம்: அரிசோனா மாநிலம், டூசான் நகரம், தெற்குப் பகுதி, மாதா கோயிலுக்குப் பின்வீடு.

நான் மேற்படி வீட்டில் கத்தரீனா தியேகோ (வயது 23) என்பவருடனும் அவரது பெண் குழந்தையுடனும் குடியிருந்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் கான்ஹோபால் மொழியில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் சொல்ல, விசாரணை அதிகாரி எழுதிக்கொள்கிறார். எல்லை வாசலில் காவல் பணியில் இருந்த தெல்காடோ என்பவர் மீது நடக்கும் துறை விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். நான் யார் மேலும் புகார் கொடுக்க வரவில்லை, கேட்டதால் சொல்கிறேன் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிவிட்டதாக அதிகாரி சொன்னார்.

நான் முப்பத்தொரு வருடமாகப் பிரசவம் பார்த்து வருகிறேன். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளை எடுத்திருக்கிறேன். படிக்காத மருத்துவச்சிகளுக்காக எங்கள் நாட்டுச் சுகாதார இலாகா படம் போட்ட சீட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறது. கால் வீங்கிய பெண், வலிப்பு வந்த பெண், ரத்தம் போகும் பெண் என்று படங்கள் இருக்கும். பக்கத்தில் நேரம் குறிக்க உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், சாயும் சூரியன் இருக்கும். கடைசியில் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் படமும் உண்டு. எது நடக்கிறதோ அதன்மேல் குறி போட வேண்டும். ஒரு தாயை ஆஸ்பத்திரியில் விட்டால் பாதிச் சீட்டைக் கிழித்து அவர்களிடம் கொடுத்துவிட்டு, அதே படங்களும் குறிகளும் உள்ள, புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டையில் அவர்கள் கையெழுத்தை வாங்க வேண்டும். கையெழுத்து வாங்காமல் ஒரு தாயையும் நான் யார் வாசலிலும் விட்டதில்லை. எங்கள் பக்கத்து டாக்டர்கள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பேனாவைத் தேடுவார்கள்.

மேற்படி கத்தரீனாவையும் நான்தான் பிறக்கும்போது எடுத்தேன். எங்கள் ஆற்றை மறிக்க ஒரு கம்பெனி வந்தபோது அவள் கணவன் மிகேல் ஊரைக் கூட்டி எதிர்த்து நின்றான். அவனை மக்காச்சோளக் கொல்லையில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவர்கள் முகத்தை இவள் பார்த்தாள், போலீசில் பெயரும் சொன்னாள். மறுநாளே அந்த ஆட்கள் இவள் வாசலில் வந்து நின்றார்கள். நான் இவளை என் வீட்டில் ஒளித்து வைத்தேன், அதனால் என் கதவிலும் கோடாலி விழுந்தது. அதன்பிறகு, ஆறு மாத வயிற்றோடு இருந்தவளைக் கூட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன்.

அதன்பிறகு மெக்சிகோ பக்கத்தில் லா மெசித்தா என்ற எல்லை ஊர் விடுதியில் நாற்பத்து மூன்று நாள் தங்கினோம். ஆட்கள் அளவுக்கு மேல் வருவதால் அவசரநிலை போட்டிருப்பதாகவும், போனில் பதிந்து நாள் வாங்கி வாசல் வழியாக வராதவர்களுக்குத் தஞ்சம் கேட்கும் தகுதியே கிடையாது என்றும் பலகை வைத்திருந்தார்கள். கடக்கும் நேரத்தில் உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டாம், அது அந்தப் பலகையில் இல்லை. தினமும் காலையில் கத்தரீனா போனைத் தட்டிப் பார்ப்பாள். நாள் கிடைக்கவேயில்லை.

நாற்பத்து மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் முகம் வீங்கியிருந்தது. உச்சிப்பொழுதில் வலியே இல்லாமல் ரத்தம் போனது. பிரசவ வலியோடு கொஞ்சம் போகும் ரத்தத்துக்கு நான் பயப்பட மாட்டேன், இதற்குப் பயந்தேன். ஊர் மருந்தகம் பூட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி இரண்டரை மணி நேரப் பாதையில் இருந்தது, அந்தப் பாதையில் வழிமறித்து ஆள் பிடிப்பவர்கள் இருந்தார்கள். எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் கூரை எங்கள் விடுதி மாடியிலிருந்தே தெரிந்தது. அதனால் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

வாசலில் தரையில் போட்ட மஞ்சள் கோட்டில் மேற்படி தெல்காடோ நின்றிருந்தார். அவருக்கு ஸ்பானிஷ் நன்றாக வரும், எனக்கும் பேசும் அளவுக்கு வரும்.

"போன்ல நாள் வாங்கியிருக்கீங்களா?" என்றார்.

"ரத்தம் போகுதுங்கய்யா. மூணு துணி நனைஞ்சிடுச்சு. பாருங்க" என்றேன்.

"அவசரநிலை போட்டிருக்கும்மா. நாள் இல்லாம விடக் கூடாதுன்னு மேல உத்தரவு. நான் என்ன பண்றது?"

"இது அவசரம் இல்லாம வேற எதுங்கய்யா அவசரம்?" என்று கேட்டேன். அவர் வரிசையைப் பார்த்துக் கையை ஆட்டினார். உடனே சீட்டுப் புத்தகத்தை எடுத்து, ரத்தம் போகும் பெண்மேலும் சாயும் சூரியன்மேலும் குறி போட்டு, துணிக்கு ஒன்றாக மூன்று பொட்டும் வைத்து நீட்டினேன்.

"என்னம்மா இது, பொம்மைப் புஸ்தகம்?"

"பொம்மைதான். இந்தத் தாயை உங்க வாசலுக்குக் கொண்டாந்தேன்னு அடிக்கட்டையில கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு எவனும் பழியை என் தலையில கட்டக் கூடாது."

"அதெல்லாம் போட முடியாது, கிளம்பு."

"போடாம நான் நகர மாட்டேன்."

வரிசையில் மாங்காய்த் துண்டு விற்ற ஒரு பெண், "ஐயா, அந்தம்மா விடாது போல, போட்டுத் தொலைங்க, என் வியாபாரம் கெடுது!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் தேதியும் நேரமும் எழுதினார். பிற்பகல் ஒன்று ஐம்பது என்று அதில் இருப்பதாகப் பிற்பாடு சொன்னார்கள். நான் கிழித்துக் கொடுத்த பாதிச் சீட்டை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார், அதை நான் பார்த்தேன்.

அதன்பிறகு வேலியோரமாகக் கிழக்கே போய், மழைநீர் ஓடையில் கம்பி விட்டுப்போன இடத்தில் உள்ளே நுழைந்தோம். அப்போது மணி என்னவென்று எனக்குத் தெரியாது, இரண்டே முக்கால் என்று பிற்பாடு கோர்ட்டில் சொன்னார்கள். ரோந்து வண்டி வந்து பிடித்தது. வண்டியில் வந்த காவல்காரப் பிள்ளைகள் நல்லவர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். நாலு மணி சுமாருக்கு வயிற்றைக் கீறி குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. பெயர் மிகேலா. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அது எனக்கு முன்னமே தெரியும்.

அதன்பிறகு கத்தரீனாவுக்கு ஒரு காகிதம் வந்தது. அவசரநிலை நாளில் வேலி வழியாக நுழைந்ததால் தஞ்சம் கேட்கத் தகுதியில்லை என்றும், கடந்த பிறகுதான் ரத்தம் போனதாகப் பதிவில் இருப்பதால் விலக்கு பொருந்தாது என்றும் இருந்தது. திருப்பி அனுப்பினால் அந்த ஆட்கள் கையில்தான் விழுவாள். எங்கள் வக்கீல் நோரா அம்மா, "ஏதாவது காகிதம் இருக்கா, நல்லா யோசிங்க" என்று நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இல்லை என்றே சொன்னேன். இது என் தப்பு. ஒரு தாயின் ரத்தச் சீட்டை, அவளை யாரிடம் விடுகிறோமோ அவர்களைத் தவிர யாருக்கும் காட்டக் கூடாது, காட்டினால் அவள் மானம் போகும் என்பது எங்களுக்குள் கட்டுப்பாடு. அது கோர்ட்டில் செல்லும் காகிதம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. புத்தகம் முழுநேரமும் என் இடுப்புக் கச்சையில்தான் இருந்தது.

விசாரணை நாளில் அரசாங்க வக்கீல் எழுந்து, கடப்பதற்கு முன் ஆபத்து இருந்ததாக எந்த அதிகாரியிடமும் எப்போதும் சொல்லப்படவில்லை என்றார். மொழிபெயர்ப்பு என் காதில் விழுந்தது. நான் எழுந்து நின்று, "பொய்!" என்று கத்தினேன். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் கத்தரீனா பக்கம் திரும்பினேன்.

"ஏண்டி, உன் சீட்டைக் காட்டட்டுமா? எல்லாரும் பாப்பாங்க."

"காட்டுங்க அத்தே" என்றாள். "என் புருஷன் வெட்டுப்பட்டுக் கிடந்ததை ஊரே பாத்துச்சு. இதுல என்ன."

அதன்பிறகு நீதிபதி என்னைச் சாட்சி நாற்காலியில் உட்காரவைத்தார். கச்சையை அவிழ்த்துப் புத்தகத்தை எடுத்து, படம் படமாகச் சொன்னேன். நோரா அம்மா தலையில் அடித்துக்கொண்டார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீதிபதி அடிக்கட்டையை அரசாங்க வக்கீலிடம் கொடுத்து, இது யார் கையெழுத்து என்று கேட்டார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாய்தாவில் தெல்காடோவே வந்தார்.

"என் கையெழுத்துதான். அந்தம்மாவைக் கிளப்புறதுக்காகப் போட்டேன். ரத்தம் இருந்தது, பாத்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இதை விட்டுவிடாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்றே தீர்ப்புச் சொன்னார்கள். ஒன்று ஐம்பதுக்கே ஆபத்து இருந்ததை அரசாங்கத்தின் ஆளே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார், விதிவிலக்கு இப்படிப்பட்டவருக்காகத்தான் எழுதப்பட்டது, எனவே தகுதியில்லை என்ற உத்தரவு செல்லாது என்று நீதிபதி படித்தார். மிகேல் கொலை பற்றிய காகிதங்களையும் பார்த்துவிட்டு, கத்தரீனாவுக்குத் தஞ்சம் கொடுத்தார். கத்தரீனாவுக்கு இரண்டு முறை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "ஜெயிச்சுட்டோம்டி, ஜெயிச்சுட்டோம்!" என்று நான் கோர்ட்டிலேயே கத்தினேன், யாரும் என்னை அதட்டவில்லை. வெளியே பஸ் நிறுத்தத்தில் நான் கட்டிக்கொண்டு போயிருந்த தமால் என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டைகளைப் பிரித்தோம், நோரா அம்மா ஒருவரே ஐந்து தின்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் ஆயுளில் பட்டதில்லை. என் வழக்கு தனி, டிசம்பரில் வருகிறது. அதே அடிக்கட்டை எனக்கும் பேசும் என்று நோரா அம்மா சொல்லியிருக்கிறார்.

மேலே உள்ளதை அதிகாரி படித்துக் காட்டி, விரல் ரேகை வைக்கச் சொன்னார். என் புத்தகத்தில் கடைசியாக ஒரு சீட்டு மிச்சமிருந்தது. தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் படத்தின்மேல் குறி போட்டு, சீட்டைக் கிழித்து அதிகாரியிடம் கொடுத்தேன்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"தாயையும் பிள்ளையையும் உங்க நாட்டுல நல்லபடியா சேத்துட்டேன். அடிக்கட்டையில முதல்ல நீங்க போடுங்க, அப்புறம் நான் விரலை வைக்கிறேன்."

அவர் என்னையும் மொழிபெயர்ப்பாளரையும் மாறி மாறிப் பார்த்தார். அதன்பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, நான் கேட்காமலேயே நேரத்தையும் எழுதினார். சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதில் கண்டதெல்லாம் நடந்தது நடந்தபடி; நான் கூட்டியதும் இல்லை, ஒளித்ததும் இல்லை. கான்ஹோபாலில் படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று அறிந்து, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தேன்.

(ரேகை) பெத்ரோனா மத்தேயோ பல்தசார்
என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. விசாரணை அதிகாரி, காலை 11.20.