பேட்டரிக்கு ஒரு பர்மிட்

கும்மிடிப்பூண்டியில் ஏறிய மின்சார ரயிலில், என் எதிரே கம்பெனி அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். இளையவர்தான் ஆரம்பித்தார்.

"ஸ்கூட்டர் பேட்டரிய சார்ஜ் போட எங்க ஊட்டுக்காரரு கிட்ட பர்மிட் வாங்கணும்க்கா."

"இன்னாமா சொல்ற?"

"அவரு கம்பெனில சேஃப்டி பாக்கறாரு இல்ல? அங்க வெல்டிங் வைக்கணும்னா இவரு கையெழுத்து போடணும். ஊட்லயும் அதே மாதிரி நோட்டு போட்டுட்டாரு. பேட்டரிய கட்டில் கிட்ட வைக்கக் கூடாது, வாசல் சிமெண்டு தரையிலதான் வைக்கணும். வண்டியோட வந்த சார்ஜர்தான் போடணும். பக்கத்துல மணல் வாளி. ஃபுல் ஆகற வரைக்கும் ஒரு ஆளு காவல்."

"நல்லதுதானே. யாரு காவல்?"

"நான்தான். நேத்து மத்தியானம் தண்ணி குடிக்க உள்ள போனா, இவரு செல்போன சார்ஜ்ல சொருவி, தலகாணிக்கு அடியில வச்சிக்கினு தூங்கறாரு."

"எழுப்புனியா?"

"இல்லக்கா. ஒயர புடுங்கிட்டு, நோட்டுல 'பர்மிட் ரத்து'ன்னு எழுதி நெஞ்சு மேல வச்சிட்டு வந்துட்டேன்."

"எழுந்து இன்னா சொன்னாரு?"

"நோட்ட எடுத்து, கீழ கையெழுத்து போட்டாரு. போன எடுத்துக்கினு வந்து, வாசல்ல சார்ஜ் போட்டுட்டு, எம் பக்கத்துலயே காவல் உக்காந்துட்டாரு."