நல்ல காது

செயலாளர்: உங்க பேரனை நம்ம பள்ளிக்கூடத்துல சேருங்க ஐயா. இன்னிக்கே. இப்பவே.

தலைவர்: ...என்னம்மா சொன்ன?

செயலாளர்: அந்தப் பக்கம் திரும்பாதீங்க. நல்ல காது இந்தப் பக்கம்தான்னு எனக்குத் தெரியும். நாலு வருஷமா இந்த அலுவலகத்துல குப்பை கொட்டுறேன். கேக்கப் புடிக்கலன்னா அடிபட்ட காதைக் காட்டுவீங்க.

தலைவர்: அந்தக் காது சும்மா போகல. நம்ம மொழிக்காக லத்தி அடி வாங்கிப் போன காது.

செயலாளர்: தெரியும். கூட்டத்துக்குக் கூட்டம் அதைத்தானே சொல்றீங்க. எழுதிக் குடுக்குறதே நான்தான்.

தலைவர்: வாசல்ல எவ்வளவு கூட்டம் நிக்குது பாரு. ஊர்வலம் கெளம்பப் போற நேரத்துல வந்து...

செயலாளர்: இந்த நேரத்துலதான் கேக்கணும். மணி அடிச்சதும் அதிகாரி பள்ளிக்கூடத்துல வந்து தலையெண்ணப் போறார். இருபது பிள்ளை இருந்தா பள்ளிக்கூடம் நிக்கும். இல்லன்னா பூட்டு. நம்மகிட்ட இருக்கறது பத்தொம்பது.

தலைவர்: அதுக்குத்தானே ஊர்வலம்.

செயலாளர்: ஊர்வலம் போனா பத்தொம்பது இருபதாகிடுமா?

தலைவர்: மேல இருக்கறவன் பயப்படுவான்.

செயலாளர்: அந்த அதிகாரி பயப்பட மாட்டார். அவருக்கு எண்ணத் தெரியும். அது மட்டும்தான் தெரியும்.

தலைவர்: நீ சேந்த அன்னிக்கு உனக்கு யாரும் எதுவும் சொல்லலியா?

செயலாளர்: சொன்னாங்க. பொருளாளர் தனியா கூப்பிட்டு வெச்சு சொன்னார். ஐயாகிட்ட எதை வேணா கேளு, சண்டை போடு, எழுதினதைக் கிழிச்சு மூஞ்சியில எறி, ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆனா பேரன் எங்க படிக்கிறான்னு மட்டும் வாயத் தொறந்துடாதே, ஐயா குடும்பம் மாடியிலதான் இருக்கு, அந்தப் படி ஏறாதேன்னார். நானும் நாலு வருஷம் கேனச்சி மாதிரி கீழயே ஒக்காந்திருந்தேன்.

தலைவர்: அப்படியே இன்னிக்கு ஒரு நாளும் இருந்திருக்கலாம்.

செயலாளர்: போன மழைக்கு மாடி ஏறிட்டேன்.

தலைவர்: ...ஏன்?

செயலாளர்: பேனரெல்லாம் நனையுதேன்னு தூக்கிட்டுப் போனேன். உள்ளறைல, நம்ம இயக்கத்துப் புத்தகமெல்லாம் அடுக்கி வெச்சிருக்கீங்களே அதுக்குப் பின்னாடி துணி காயப்போடுற கொடி ஒண்ணு. அதுல ஒரு குட்டிச் சட்டை. நீலக் காலர், பையில தங்க நூல்ல பள்ளிக்கூடத்துப் பேரு, நம்ம மொழியில இல்ல, பெரிய மொழியில. மொட்டை மாடி முழுக்க வெயிலு. அந்தச் சட்டை மட்டும் ஃபேன் காத்துல காயுது.

தலைவர்: மழைன்னு சொன்னியே இப்ப.

செயலாளர்: மறுநாள் வெயில் அடிச்சப்பவும் போய்ப் பாத்தேன். நழுவாதீங்க.

மைக்செட்காரர்: ஐயா, உள்ள வரலாமா? ஒன் டூ த்ரீ சொல்லிப் பாத்தேன், தெருக்கோடி வரைக்கும் கேக்குது. ...என்ன, ரெண்டு பேரும் ஒரு மாதிரி நிக்கிறீங்க?

தலைவர்: ஒண்ணுமில்லப்பா. பேச்சைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்.

மைக்செட்காரர்: தங்கச்சி எழுதினா கேக்கணுமா. போன தடவ கை தட்டி என் கையே வீங்கிப் போச்சு. ஐயா, ஒரு விஷயம். ஒரு மஞ்ச வேன் நம்ம வாசல்ல நின்னு விடாம ஹார்ன் அடிச்சுது. ஸ்பீக்கர் வண்டி வழியை மறிக்குதோன்னு பதறி நகத்தினேன். பாத்தா யாரும் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. டிரைவர் என்னை ஒரு முறை முறைச்சுட்டுக் காலி வண்டியா போய்ட்டார்.

தலைவர்: எனக்கு ஒண்ணும் கேக்கலியே.

மைக்செட்காரர்: ஜன்னல் உங்க அந்தக் காதுப் பக்கம்ல இருக்கு.

செயலாளர்: அண்ணே, உங்க பையன் பள்ளிக்கூடம் போய்ட்டானா?

மைக்செட்காரர்: விடியும்போதே தலைய சீவிட்டு நிக்கிறான். அதிகாரி வர்றாராம்ல. அவங்க அம்மாகிட்ட, நான் தும்மக்கூட வெளிய போகக் கூடாது, எண்ணிக்கை கொறஞ்சிடும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். எங்க வீட்டுல எல்லாருக்கும் இதே பேச்சுதான். பள்ளிக்கூடத்தை மூடிட்டா, ஆத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஏத்தி அனுப்பணும். அங்க போயி அவனுக்கு என்ன புரியும்?

தலைவர்: மூட விட மாட்டோம்பா.

மைக்செட்காரர்: அந்த தைரியத்துலதானே இருக்கேன். எங்க தெருவுல ஒருத்தன் கேட்டான், உங்க தலைவர் வீட்டுப் புள்ளை எங்கடா படிக்குதுன்னு. வாயை மூடுடா, ஐயா பேரனும் என் பையனும் ஒரே பெஞ்சுல ஒக்காந்திருப்பாங்க, போயி பாருன்னேன். சரிதானே ஐயா?

செயலாளர்: சொல்லுங்க ஐயா. அண்ணன் கேக்குறார்ல.

தலைவர்: ...நீ போயி பேட்டரியை ஒரு தடவ பாத்துருப்பா. போன தடவ பாதியில புட்டுக்கிச்சு.

மைக்செட்காரர்: இது புது பேட்டரி ஐயா. சரி, பாக்குறேன். பள்ளிக்கூடத்து மணி அடிச்சா வந்து சொல்றேன், இங்க உங்களுக்குக் கேக்காது.

செயலாளர்: பாத்தீங்களா?

தலைவர்: பாத்தேன்.

செயலாளர்: நான் எத்தனை வீட்டு வாசல்ல நின்னேன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு பிள்ளை குடுங்கன்னு கெஞ்சினேன். இஸ்திரி போடுற அக்கா என்னை ஒக்கார வெச்சு, தண்ணி குடுத்து, நிதானமா கேட்டாங்க. அந்த நீலக் காலர் பள்ளிக்கூடத்துலதான் எங்க நாத்தனார் கூட்டிப் பெருக்குறா, உங்க தலைவர் பேரனை தெனமும் பாக்குறா, அவரு புள்ளைக்கு ஒரு மொழி, எம் புள்ளைக்கு ஒரு மொழியான்னாங்க. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்தம்மா சட்டைய மடிச்சுக்கிட்டே கேட்டாங்க. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

தலைவர்: நீ என்ன சொல்லியிருக்கணும்னா...

செயலாளர்: என்ன? எழுதிக் குடுங்க. ஒரு தடவையாவது நீங்க எனக்கு எழுதிக் குடுங்க.

தலைவர்: கோவப்படாம கேளு. என் பொண்ணை நம்ம மொழியிலதான் படிக்க வெச்சேன். ஊரே சிரிச்சுது. நான் அசரல. முதல் வகுப்புல தேறினா. ஒரு பெரிய கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டாங்க. எதிர்ல மூணு பேர் ஒக்காந்து பெரிய மொழியில கேள்வி கேட்டிருக்காங்க. இவ பதிலை மனசுக்குள்ள மாத்தி வாய்க்குக் கொண்டு வர்றதுக்குள்ள, அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்தா. என்னை ஒரு வார்த்தை திட்டல. போட்டிருந்த புதுச் சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டா, படுத்துட்டா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். லத்தி அடியெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல.

செயலாளர்: ...இதை நீங்க எந்தக் கூட்டத்துலயும் சொன்னதில்ல.

தலைவர்: எப்படிச் சொல்றது?

செயலாளர்: நானும் அதே மாதிரி ஒரு நாற்காலியில ஒக்காந்திருக்கேன். எங்க வீட்டுல முதல்ல பட்டம் வாங்கினவ நான். என்னைப் பாத்தும் சிரிச்சாங்க. ஆனா எனக்குக் கோவம் அந்த மூணு பேர் மேல வந்துச்சு. என் பள்ளிக்கூடத்து மேல வரல.

தலைவர்: உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி.

செயலாளர்: எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாலு ஆபீஸ் கழுவிட்டு வந்து, வீட்டுல பாத்திரம் கழுவுவாங்க. நான் பக்கத்துல ஒக்காந்து வாய்விட்டுப் படிக்கணும். சோம்பேறித்தனத்துல ஒரு வரிய விட்டேன்னா, கை நின்னுடும். என்னமோ நடுவுல காணோமே, திரும்பப் படின்னுவாங்க. என் வீட்டுப்பாடத்தைத் திருத்தினது அவங்கதான் ஐயா. அந்த நீலக் காலர்ல படிச்சிருந்தா எங்கம்மா என்ன பண்ணியிருப்பாங்க? பக்கத்துல நின்னு தலையாட்டியிருப்பாங்க. நீங்க மேடையில கொட்டுற வீரமெல்லாம் எனக்கு வேணாம். அந்த ஒண்ணு போதும். அதுக்காகத்தான் இங்க வந்து ஒக்காந்தேன்.

தலைவர்: நீ பேசு இன்னிக்கு. இதையே மேடையில பேசு.

செயலாளர்: பேச்சு வேணாம், பிள்ளை வேணும். சேர்க்கை இன்னிக்கு வரைக்கும் உண்டு. நீங்க பையன் கையப் புடிச்சு அந்த கேட்டுக்குள்ள நடந்தீங்கன்னா, இஸ்திரி அக்கா ஓடி வருவாங்க. அடுத்த வருஷம் பெஞ்சு பத்தாது.

தலைவர்: என்கிட்ட கேட்டா நான் என்ன பண்ண முடியும்? புள்ளை என் பொண்ணோட புள்ளை.

செயலாளர்: ம்.

தலைவர்: அவ பட்டது அவளுக்குத்தான் தெரியும். நான் எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். நம்ம பள்ளிக்கூடத்துல போடும்மான்னு. தாய் மனசு, கேக்க மாட்டேங்குது. தாத்தாவுக்கு என்ன அதிகாரம் இருக்கு?

செயலாளர்: உங்க பொண்ணு, நம்ம அக்காதான் அங்க சேத்தாங்களா?

தலைவர்: பின்ன? நான் கூட அன்னிக்கு முழுக்க அவகிட்ட பேசல.

செயலாளர்: அக்கா சரின்னா?

தலைவர்: அவ சரின்னா நான் ஏன் இங்க நிக்கிறேன். இந்த நிமிஷமே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயி, பையனை வகுப்புலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்து நம்ம பள்ளிக்கூடத்துல விடுவேன்.

செயலாளர்: நிச்சயமா?

தலைவர்: என் காது மேல ஆணை.

செயலாளர்: எந்தக் காது ஐயா?

தலைவர்: ...விளையாடாதே.

செயலாளர்: விளையாடல. இன்னொரு தடவ கேக்குறேன். கடைசித் தடவ. அங்க சேத்தது அக்காதானா?

தலைவர்: ஏம்மா இப்படித் துருவுற? ஆமா. அவதான்.

செயலாளர்: சரி.

மைக்செட்காரர்: ஐயா, மணி அடிச்சாச்சு. அதிகாரி ஜீப்பும் பள்ளிக்கூடத்துக்குள்ள போய்டுச்சு. கூட்டம் கத்துது, முன்னாடி வந்து நில்லுங்க. ...தங்கச்சி, மாலையை வெச்சுட்டு எங்க கெளம்பிட்ட? நீதானே முன்னால கோஷம் போடணும்?

செயலாளர்: இன்னிக்கு நீங்க போடுங்கண்ணே. நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன். ஐயா, அலுவலகச் சாவி மேஜையில இருக்கு. பேச்சு பேனாவுக்குக் கீழ இருக்கு. இனிமே அந்தக் காதைப் பத்தி நான் எழுத மாட்டேன், வேற ஆளைப் பாத்துக்குங்க.

தலைவர்: நில்லு. அங்க போயி என்ன பண்ணப் போற? எண்ணத்தான் போறாங்க. ஒண்ணு குறையும். பூட்டு போடுறதைப் பாக்கப் போறியா?

செயலாளர்: குறையாது.

தலைவர்: எப்படி? கடைசியில எவனாவது பிள்ளை குடுத்தானா?

செயலாளர்: ஒரு அம்மா குடுத்தாங்க. காலையிலயே கொண்டுவந்து பேர் சேத்துட்டாங்க. அண்ணே, உங்க பையன் பெஞ்சுலதான் ஒக்காந்திருக்கான். நீங்க உங்க தெருவுல சொன்னது பொய்யில்ல.

மைக்செட்காரர்: என் பையன் பெஞ்சா... அப்ப ஐயாவோட...? இவ்வளவு நாளா அங்க...?

தலைவர்: ...அந்த மஞ்ச வேன்.

செயலாளர்: காலியாத்தான் போச்சு. நம்பலன்னா உள்ளறைக்குப் போயி பாருங்க. அந்தச் சட்டை இன்னும் கொடியிலதான் தொங்குது.

தலைவர்: பிள்ளை உள்ள ஒக்காந்திருக்கறப்ப, எதுக்கு இவ்வளவு நேரம் என்கிட்ட வந்து கெஞ்சின?

செயலாளர்: அக்காதான் கேக்கச் சொன்னாங்க. என்னை நம்ம மொழியில படிக்க வெச்சதுக்கு அப்பா மேல எனக்குக் கோவமே இல்ல, அவரே எம் புள்ளையக் கொண்டுபோயி அந்த நீலக் காலர்ல சேத்துட்டு வந்து, ஊரு கேட்டா நீதான் சேத்தேன்னு சொல்லுன்னாரே, அதுதான் ஆறலன்னாங்க. மணி அடிக்கிற வரைக்கும் கேளு, அவரே வாயைத் தொறந்து அங்க சேத்தது நான்தான்னு சொல்லிட்டாருன்னா, புள்ளைய கேட்டுக்கு வெளிய கொண்டு வந்து நிறுத்துறேன், அவரே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்ததா இருக்கட்டும்னாங்க. நானும் உங்க நல்ல காது பக்கமாவே நின்னு கேட்டேன் ஐயா.