இரண்டாவது சிடி

வீடியோ கடையில் நான் எப்போதும் கீழ் அடுக்குப் படங்களைத்தான் எடுப்பேன். மேல் அடுக்குகளில் இருப்பவை எல்லோருக்கும் தெரிந்த படங்கள். கார் பறக்கும், கட்டடம் இடியும், கடைசியில் கதாநாயகன் தலைமுடி கலையாமல் நடந்து வருவான். கீழ் அடுக்குக்கு யாரும் குனிவதில்லை. அட்டை வெளுத்துப்போய், நடித்தவர் பெயர் ஒருவருக்கும் தெரியாத உளவுப் படங்களும் மர்மப் படங்களும் அங்கேதான் கிடக்கும். ஒரு தபால் நிலையம், நாலு குமாஸ்தாக்கள், அதில் ஒருவன் துரோகி. ஒருவன் மேசை இழுப்பறையைத் திறப்பான், உள்ளே பார்ப்பான், மூடுவான். அதற்கே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

கடைக்காரர் லியோங் என்னைக் கேலி செய்வார். "இந்தப் படங்கள தேடி வர்றது ஊர்லயே ரெண்டு பேருதான் மேடம். ஒண்ணு நீங்க, இன்னொண்ணு கரப்பான்பூச்சி" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். கரப்பான்பூச்சியாவது படத்தின் முடிவை யாரிடமும் சொல்லாது.

இன்ஸ்பெக்டர், நீங்கள் கேட்டது என் கணவர் சின் யோக் வா எப்படி இறந்தார் என்று. அதற்குத்தான் வருகிறேன். அவசரப்பட்டால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். அப்படிப் புரிந்துகொண்டவர்கள் ஏற்கெனவே இந்த ஈப்போ ஊரில் போதுமான அளவு இருக்கிறார்கள்.

ஒரு படம் இரண்டு சிடியில் வரும் என்பது உங்களுக்கும் தெரியும். முதலாவது முடிந்ததும் திரை நீலமாகிவிடும், எழுந்துபோய் இரண்டாவதைப் போட வேண்டும். பலருக்கு அது தொந்தரவு. எனக்குப் படத்திலேயே பிடித்த பகுதி அந்த ஐந்து நிமிடம்தான். பெரும்பாலும் கதை இறுகும் இடத்தில்தான் முதல் சிடி நிற்கும். நான் சமையலறைக்குப் போய் இரண்டு குவளையில் பார்லி தண்ணீர் ஊற்றிக்கொண்டே யார் துரோகி என்று யோசிப்பேன். அவன் அப்போது ஏன் கையுறையைக் கழற்றவில்லை, அவள் ஏன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பேன். நான் பெரிய படிப்புப் படித்தவளில்லை. என் மூளை முழுதாக வேலை செய்த நேரம் என்று வாழ்க்கையில் ஏதாவது இருந்தால் அது அதுதான்.

என் கணவருக்கு அந்த ஐந்து நிமிடத்தைக் கண்டாலே ஆகாது. பேருந்து நிறுவனத்தில் நேரம் குறிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது வரும் என்று மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்திருப்பதே வேலையாக இருந்தவர். மூங்கில் நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்து குவாச்சி என்கிற உப்புப் போட்ட தர்பூசணி விதை கொறிப்பார். எச்சில் பட்ட தோலை நாற்காலிக் கையிலேயே வரிசையாக ஒட்டி வைப்பார். ரிமோட்டால் கால்விரல் இடுக்கைச் சொறிவார், பிறகு அதே ரிமோட்டை என்னிடம் நீட்டுவார். பல்லிடுக்கை நாக்கால் உறிஞ்சும் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நான் பொறுமைசாலி. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆனால் முதல் சிடி முடிந்து நான் குவளையோடு வரும்போது, வாய் நிறைய விதையோடு சொல்வார்.

"யிங், அந்தக் கண்ணாடிக்காரிதான் துரோகி. நல்லவள்னு நம்பி உக்காந்திருக்காத."

ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கும். ஊகிக்கிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்தேன். மனுஷனுக்கு நம்மைவிட மூளை என்று மனத்துக்குள் கொஞ்சம் பெருமைகூட. ஒரு நாள் சந்தையிலிருந்து திரும்பியதும் சிடி ஓட்டும் பெட்டியின் மேல் தற்செயலாகக் கை வைத்தேன். சூடாக இருந்தது. திறந்தால் உள்ளே இரண்டாவது சிடி. காலையில் நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அதை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார். எத்தனை வருடமாகவோ. முன்பாதி தெரியாமல், யார் எவர் என்று தெரியாமல், முடிவை மட்டும் பார்த்துவிட்டு, மத்தியானம் ஒன்றுமறியாதவர்போல என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எச்சில் தட்டில் சாப்பிட்டதுபோல இருந்தது.

ஏன் என்று கேட்டேன். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. "முடிவு தெரிஞ்சுட்டா பதறாம பாக்கலாம்ல. உனக்காகத்தான் சொல்றேன்" என்றார். கல்யாணமான புதிதில் தியேட்டரில் ஒரு கொலைப் படத்துக்குப் போய் நான் நடுங்கி அழுதேனாம். அப்போது என் காதருகே குனிந்து, அந்தப் பெண் சாக மாட்டாள் என்று முன்கூட்டியே சொன்னாராம். அப்புறம்தான் நான் அவர் கையை விட்டேனாம். எனக்கு நினைவிருக்கிறது. அவர் வாயில் வறுத்த பூண்டு வாசனை. அன்றைக்கே கண்டித்திருக்க வேண்டும்.

போன பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஊரெல்லாம் எனக்காக வருத்தப்பட்டது. நானும் முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, கழுத்தில் துண்டு கட்டி நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டுப் படம் போடுவேன். வாயோரம் எச்சில் வழியும். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் சத்தமில்லை. முதல் சிடி முடியும், திரை நீலமாகும், வீடு அமைதியாக இருக்கும். கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு துரோகியை நானே கண்டுபிடித்தேன். சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன்.

அப்புறம் ஜூனில் சுஹைலா வந்தாள். தொண்டு அமைப்பு ஒன்று அனுப்பிய பேச்சுப் பயிற்சிப் பெண். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். காலையில் நான் சந்தைக்குப் போகும் நேரத்தில் அவரோடு இருப்பாள். முதல் நாளே ஒரு டப்பா மாவைக் கொடுத்து, என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஆன்ட்டி, தண்ணி, சூப்பு, டீ எதுவா இருந்தாலும் இந்த மாவப் போட்டுக் கெட்டியாக்கித்தான் அங்கிளுக்குக் குடுக்கணும். வெறும் தண்ணிய அவரால சரியா முழுங்க முடியாது. நேரா நுரையீரலுக்குப் போயிடும்."

நான் தலையாட்டினேன். ஒழுங்காகக் கலந்தும் கொடுத்தேன். பசைபோல ஸ்பூனில் தொங்கும், பார்க்கவே குமட்டும். ஆனாலும் கொடுத்தேன்.

ஆகஸ்டில் அவர் தேற ஆரம்பித்தார். சுஹைலாவுக்கு ஒரே சந்தோஷம். இன்னும் ஒரு மாதத்தில் உங்களோடு சண்டையே போடுவார் பாருங்கள் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த வாரமே, ஒரு படத்தின் நடுவில், அவர் இடது கையைத் தூக்கித் திரையைக் காட்டி ஏதோ முனகினார். வார்த்தை இல்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வருகிறார்.

முதல் தடவை நடந்தது மறதி. இதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டாவது சிடிக்கு அவசரமாக வந்தேன், மாவு கலக்க மறந்து பார்லி தண்ணீரை அப்படியே கொடுத்துவிட்டேன். புரை ஏறியது. முகம் சிவக்க இருமினார், என் கைமேல் தெறித்தது. பிறகு இரண்டு நாள் தொண்டை கட்டி, பயிற்சியில் ஒரு சத்தமும் வரவில்லை என்று சுஹைலா கவலைப்பட்டாள். நானும் கவலைப்பட்டேன். அந்த இரண்டு நாளும் நிம்மதியாகப் படம் பார்த்தேன் என்பதையும் கவனித்தேன்.

அதற்குப் பிறகு மறக்கவில்லை. எந்த நாளில் கலக்க வேண்டும், எந்த நாளில் கலக்க வேண்டாம் என்று யோசித்துத்தான் செய்தேன். சாதாரணப் படம் என்றால் கலப்பேன். நல்ல படம் என்றால் கலக்க மாட்டேன், ஒரு வாய் மட்டும் கொடுப்பேன். தினமும் கொடுக்கவில்லை, நான் கொடுமைக்காரி இல்லை. செப்டம்பரில் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி என்று டாக்டர் சொன்னார், மாவு ஒழுங்காகக் கலக்கிறீர்களா என்று கேட்டார். கலக்கிறேன் என்றேன். நான் கெட்டிக்காரியாக இருந்திருந்தால் டப்பாவிலிருந்து மாவை எடுத்துக் கொட்டியிருப்பேன். அது குறைய வேண்டிய அளவு குறையவில்லை என்பதைத்தான் சுஹைலா பிறகு பார்த்திருக்கிறாள். இவ்வளவு உளவுப் படம் பார்த்தும் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை, ஏனென்றால் நான் ஒன்றை மறைக்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

லியோங்கிடம் மூன்று வருடமாக ஒரு படம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு துறைமுகத்தின் தந்தி அலுவலகம், ஐந்து பேர், ஒருவன் செய்திகளை எதிரிக்கு விற்கிறான். பினாங்கில் அவர் உறவினர் வீட்டிலிருந்து புதன்கிழமை ராத்திரிதான் என் கைக்கு வந்தது. மறுநாள் சந்தையில் மீன்காரன் கொடுத்த மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல்கூட வீட்டுக்கு வந்தேன். சுஹைலா கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஏதோ ரகசியம் வைத்திருப்பவள் முகம்போல இருந்தது. அவர் கண்ணும் அப்படித்தான். அவள் போனதும் சிடி பெட்டியின் மேல் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்பவன்தான் என் படங்களில் முதலில் சாவான். நடக்க முடியாத மனிதர், அந்தப் பெண்ணைக் கையால் காட்டிக் காட்டியே இரண்டாவது சிடியைப் போட வைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றும் சரியாகப் பொருந்தியது. இந்த நிலைமையிலும், கால் விழுந்து, வாய் கோணி, எச்சில் வடியும் நிலைமையிலும் இந்தப் பிறவிக்கு அந்தப் புத்தி போகவில்லையே என்று எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஜன்னல்களைச் சாத்தினேன், திரைச்சீலையை இழுத்தேன், முதல் சிடியைப் போட்டேன். அருமையான படம். அலுவலகத்தில் விளக்கு அணைகிற இடத்தில் முதல் சிடி நின்றது. டீ கொண்டு வரும் கிழவன்மேல் எனக்குச் சந்தேகம். எழுந்து நடந்தேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஈரமான கை. உதட்டைக் குவித்தார், நெற்றி நரம்பு புடைத்தது, ஏதோ ஒரு சத்தம் தொண்டையிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. கண்ணில் அதே பழைய சந்தோஷம், எனக்கு முன்னால் தெரிந்துவிட்ட சந்தோஷம்.

கையை விடுவித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மாவு டப்பாவைப் பார்த்தேன். அதை எடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு வாய் இல்லை, இன்ஸ்பெக்டர், முழுக் குவளை. தாடையைப் பிடித்து, தலையைச் சாய்த்து, அவர் மூச்சு விட இடம் கொடுக்காமல் ஊற்றினேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் ஊற்றினேன். மறதி, தவறு என்றெல்லாம் எழுதாதீர்கள். பிறகு இரண்டாவது சிடியைப் போட்டேன். அவர் இருமல் வசனத்தை மறைத்ததால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். பத்து நிமிடத்துக்குப் பிறகு கூட்ட வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தெட்டு நிமிடம் ஓடியது. துரோகி நான் நினைத்த கிழவன் இல்லை. கடைசி எழுத்துகள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

திரைச்சீலையைத் திறந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு நாவல்பழம் தின்ற பிள்ளையின் உதடுபோல இருந்தது. வாயையும் கழுத்தையும் துடைத்து, சட்டையை மாற்றிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அழுக்காக இருப்பவரை வெளியாட்கள் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

சுஹைலா கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். பேச முடியாதவர்களுக்குப் பாட்டு வழியாகச் சொல் வரும் என்று கரோக்கே சிடி போட்டுப் பயிற்சி கொடுத்தாளாம். பெட்டி சூடானது அதனால்தானாம். துறைமுகப் படத்தை அவர் பார்க்கவே இல்லையாம். எந்தச் சொல் முதலில் வேண்டும் என்று அவள் கேட்டபோது சுவரில் இருந்த என் போட்டோவைக் காட்டினாராம். மூன்று மாதமாக ஒரே ஒரு சொல்லைத்தான் பழகினாராம். வியாழக்கிழமை காலை அது தெளிவாக வந்துவிட்டதாம். மத்தியானம் இரண்டு சிடிக்கும் நடுவில், நான் சும்மா இருக்கும் நேரத்தில் அதை என்னிடம் சொல்லிக் காட்டப்போவதாகச் சைகை செய்தாராம்.

"யிங்."

இதை வாசித்துவிட்டு நிறுத்தி என் முகத்தையே பார்த்தீர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் அவரோடு இருந்தது நாலு மாதம், அதுவும் காலை வேளையில் மட்டும். நான் முப்பத்தெட்டு வருடம் இருந்தவள். என் பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பார், அதை நான் மறுக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்க மாட்டார்.