நாலாம் நம்பர் மெஷினுக்கு வைத்த பொட்டு

கறுப்பு டேப் வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, சார். மலிவான டேப் சூட்டில் பிசுபிசுத்து வழுக்கிவிடும். கூலாய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹார்ட்வேர் கடையில் நல்லது கிடைக்கும். பத்தொன்பது வருடமாக என் கால்சட்டைப் பையில் ஒரு சுருள் இல்லாத நாள் கிடையாது. இன்று காலை உங்கள் ஆட்கள் என் பையைச் சோதித்தபோதும் அதுதான் இருந்தது. வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள்.

பெயர் மணியம் என்று எழுதிக்கொண்டீர்கள். செனாய் பக்கம் ஏர்கோன் பெட்டியைச் சுவரில் மாட்டும் இரும்புத் தாங்கி செய்யும் தொழிற்சாலையில், பிரஸ் பகுதிக்கு லைன் லீடர். பன்னிரண்டு மெஷின், மூன்று ஷிப்ட். வாசலில் ஒரு பச்சைப் பலகை பார்த்திருப்பீர்கள், 'விபத்தில்லா நாட்கள்' என்று. தினமும் காலை ஏழு மணிக்கு அதில் எண் அட்டையை மாற்றுவதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் மாற்றிவிட்டு வருவேன். நடுவில் மூன்று பேருக்கு விரல் போனது உண்மை. ஒன்று வீட்டில் தேங்காய் உடைத்தபோது, ஒன்று மோட்டார் சைக்கிள் செயினில், ஒன்று கார் கதவில். ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கும். நான்தான் எழுதினேன். எனக்கு எழுத்து நன்றாக வரும்.

டேப் எதற்கு என்று கேட்டீர்கள். பிரஸ் மெஷினில் இரண்டு பச்சைப் பட்டன். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையையும் வெளியே எடுத்து, இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்தவன் யோசித்திருக்கிறான். செய்தவனுக்கு டார்கெட் கிடையாது. இடது பட்டனை டேப் போட்டு அமுக்கியே வைத்துவிட்டால், வலது கை அமுக்கும், இடது கை சும்மா இருக்காமல் தகட்டைத் தள்ளும், எடுக்கும். மணிக்கு நானூறு தாங்கி அறுநூறாகும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. திங்கட்கிழமை காலை டேப் கேட்டு அவர்களே வருவார்கள். நான் கொடுப்பேன்.

யூனியன் என்றால் எனக்கு ஒன்றும் பகை இல்லை. அப்பா சாஆ தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். வருடத்துக்கு ஒரு தடவை யூனியன்காரர் காரில் வருவார். மாலை, பேச்சு, கடைசியில் எல்லோருக்கும் ஒரு சோடா. அப்பாவுக்கு யூனியனால் கிடைத்தது மொத்தம் இருபத்திரண்டு சோடா. அதோடு அந்த நோய் ஒழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் போனில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள் என்று யார் கண்டார்கள்.

ரூபினி லாபிஸ் ஊர்ப் பெண். இருபத்தாறு வயது. சிங்கப்பூரில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள், நாலாம் நம்பர் மெஷின். மாலை இல்லை, பேச்சு இல்லை. தேநீர் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நலம் விசாரிப்பாள், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் பாதித் தொழிற்சாலை சங்கத்தில் சேர்ந்துவிட்டது. சம்பளம் கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் கை வைத்தது டேப்பில். மெஷின் புத்தகத்தில் இரண்டு கை என்று போட்டிருக்கும் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டாள். மறுநாள் பதினொரு மெஷினில் டேப் இல்லை.

“என்ன ரூபினி இது, ஸ்டிரைக்கா?” என்று கேட்டேன்.

“ஐயோ, ஸ்டிரைக்லாம் இல்லண்ணே. மெஷின்ல என்ன எழுதியிருக்கோ அதத்தான் செய்யறோம். கோவம்னா மெஷினத் திட்டுங்க லா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், நானும் சிரித்தேன்.

அறுநூறு நானூறானது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பழுது மெஷினிலா, ஆட்களிலா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்க வேண்டாம். அடுத்த புதன்கிழமை ரகசிய வாக்கெடுப்பு என்று அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. சங்கம் வேண்டுமா, வேண்டாமா. எனக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

டேப் எடுக்காத அந்தப் பன்னிரண்டாவது ஆள் பேச்சியம்மாள் அக்கா. ஐம்பத்து மூன்று வயது. கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பத்தியக் குழம்பு அவர் வீட்டிலிருந்து போகும். சங்கத்திலும் சேரவில்லை. “எனக்கு ரெண்டு பக்கமும் ஆளு வேணும் தம்பி” என்பார். ரூபினி டேப்பைப் பற்றிச் சொன்னபோதும், “டேப் இருந்தா எடது கைக்கு நாந்தான் போலீசு. பாத்துக்குவேன். டேப் இல்லாட்டி மெஷினு பாத்துக்கும்னு மனசு அசந்துரும்மா” என்றார். அதில் விஷயம் இருந்தது. நான் மறக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மதியத்தோடு மெஷின்களை நிறுத்திவிடுவோம், மறுநாள் காலைதான் திரும்ப ஓடும். முதலாளி சீனர்தான், ஆனால் பொட்டு வைத்த மெஷின் பழுதாகாது என்று நம்புகிறவர். சந்தனம் குழைப்பதும் குங்குமம் வைப்பதும் வருடா வருடம் என் வேலை. குங்குமக் கிண்ணத்தோடு மெஷினுக்குப் பின்னால் குனிந்திருப்பவனை என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ரூபினிகூடச் சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, “அண்ணே, நாலாம் நம்பருக்கு நல்லா பெரிசா வைங்க” என்றாள்.

பெரிதாகத்தான் வைத்தேன். பிறகு பின் மூடியைத் திறந்தேன். இடது பட்டனுக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஒரு சின்னத் துண்டு ஒயரால் சேர்த்துவிட்டால், பட்டன் அமுங்கியே இருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். டேப் செய்கிற அதே வேலைதான். டேப் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. வேறு வித்தியாசம் இல்லை.

பத்தொன்பது வருடமாக நான் முகங்களைப் பார்த்ததில்லை, கைகளைத்தான் பார்த்திருக்கிறேன். ரூபினிக்கு வலது கை அரை நொடி முந்தும். இடது கை தகட்டைக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வரும். டேப்பை எடுக்கச் சொன்னவளுக்கே டேப் இல்லாத மெஷினில் அடிபட்டால், புதன்கிழமைக்கு முன்னால் எல்லோரும் பழையபடி டேப் கேட்டு வருவார்கள். ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு. நூற்றைம்பது பேர் குடும்பத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய கணக்கில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. ரூபினி வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டாள். அது என் தவறில்லை, யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்து மணிக்கு அக்காவின் ஏழாம் நம்பர் எண்ணெய் கசிந்து நின்றது. அக்கா நேராக நாலாம் நம்பரில் போய் உட்கார்ந்தார்.

“தம்பி, இதுல டேப் இல்லியே. ஒரு துண்டு குடு.”

என் கை பைக்குள் இருந்தது. சுருள் விரலில் பட்டது. டேப் கொடுத்திருந்தால் அக்கா இடது கைக்குப் போலீசாக இருந்திருப்பார். ஒன்றும் ஆகியிருக்காது. இதை நீங்களாகக் கண்டுபிடித்திருக்க முடியாது, நான் சொல்கிறேன். அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: ரூபினிக்கு அடிபட்டால் பாதிப் பேர்தான் அழுவார்கள்.

“இந்த மெஷின்ல டேப் போடக்கூடாதுன்னு ரூபினி சொல்லிருக்குக்கா,” என்றேன். “பயப்படாதீங்க, மெஷினே பாத்துக்கும்.”

“சரி தம்பி, நீ சொன்னா சரி.”

அலுவலகத்துக்குப் போய் மைலோ கலக்கினேன். பதினொரு நிமிடம் ஆனது. பிரஸ் சத்தம் எப்போதும் ஒரே மாதிரி விழும். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் மெத்தென்று விழுந்தது. நான்கு விரல். கட்டைவிரல் தப்பியது. முதலில் ஓடியவன் நான். ஐஸ் கொண்டுவந்தவனும் நான். டேப்பை எடுத்ததால் வந்த வினை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னவனும் நான்தான். சிலர் தலையாட்டவும் செய்தார்கள்.

மதியம் ரூபினி திரும்பி வந்தாள். அழுதுகொண்டேதான் கேட்டாள். “டேப் இல்லன்னா ரெண்டு கையும் வெளிய இருந்தாத்தானே அச்சு எறங்கும். அப்புறம் அக்கா கை எப்படி லா உள்ள இருந்துச்சு?”

ஆட்கள் எல்லோரும் எழுந்து வந்தார்கள். பன்னிரண்டு மெஷினையும் நிறுத்தினார்கள். எல்லா மூடியையும் எங்கள் கண் முன்னால் திறந்து காட்டு, பிறகுதான் வேலை என்று நின்றார்கள். நாலாம் நம்பரில் துண்டு ஒயர் இருந்தது. பழைய மெஷின், யார் எப்போது போட்டதோ என்றார் மேனேஜர். நானும் அப்படித்தான் என்றேன். ஒயருக்குப் பக்கத்தில் குங்குமத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்ததை நான் கவனிக்கவில்லை. எல்லா மெஷினிலும் பொட்டு இருக்கிறது, மூடிக்கு உள்ளே யார் பொட்டு வைப்பார்கள் என்று ரூபினி மட்டும் யோசித்திருக்கிறாள். நீங்கள் காட்டும் இந்தப் படம் அவள் எடுத்ததுதானே. ஆமாம், என் விரல்தான். கொஞ்சம் கலைந்திருக்கிறது. வழக்கமாக நான் வைக்கும் பொட்டு வட்டமாக இருக்கும்.

நேற்று வாக்கெடுப்பு. வரிசையில் எனக்கு முன்னால் அக்கா. மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தார். இடது கை முழுக்கக் கட்டு. மேசையில் மூடி போட்ட பேனா. ஒரு கையால் திறக்க வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“தம்பி, இத கொஞ்சம் தொறந்து குடு.”

திறந்து கொடுத்தேன். நூற்று நாற்பத்தாறு பேரில் நூற்று முப்பத்தொரு பேர் சங்கம் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் முன்னால் பாதிதான் இருந்தார்கள். அக்கா எதற்குப் போட்டார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ரகசிய வாக்கெடுப்பில் அது முறையில்லை.

எல்லாம் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு சின்ன உதவி மட்டும். இன்று காலை ஆறரைக்கே என்னை அழைத்து வந்துவிட்டீர்கள், வாசல் பலகையை மாற்ற நேரமில்லை. ரூபினியிடமாவது போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், அட்டைகள் காவலாளி அறையில் இருக்கின்றன. பூஜை அன்று ஆயிரத்து இருநூற்று மூன்று. ஒரு நாளும் விடாமல் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இன்றைக்கு ஆயிரத்து இருநூற்றுப் பதினொன்று வர வேண்டும்.