வெட்டாத கேக்

அந்த கேக்கை அங்கன டீப்பாய் மேலயே வைங்க பாஸ்டர். ப்ளம் கேக்தானே, கெடாது. உக்காருங்க. ஆர்.கே.புரத்துல ஞாயித்துக்கிழமை ஆராதனையில வெட்ட வேண்டியத வெட்டாம, நீங்களே துவாரகா வரைக்கும் மெட்ரோவுல தூக்கிட்டு வந்திருக்கீங்கன்னா விஷயம் எனக்குப் புரியாதா? நேரா கேளுங்க. கிளமெண்ட் அண்ணன் விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டாரான்னுதானே சபை முழுக்கப் பேச்சு?

சிஸ்டர்னு கூப்பிடாதீங்க. ஆஸ்பத்திரியிலயும் நாள் முழுக்க அதான். எவாஞ்சலின் அக்கான்னு சொல்லுங்க, போதும்.

இவுக வீட்டுல இல்ல. பால் வாங்கப் போயிருக்காக. வரட்டும்னு காத்திருக்கப் போறீங்களா? சரி, அதுவரைக்கும் நான் சொல்லுதேன். கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாததா சபை மூப்பர் ஆபிரகாம் அண்ணனுக்குத் தெரிஞ்சிரப் போகுது?

நீங்க மே மாசம் வந்தவங்க, உங்களுக்குப் பழைய கதை தெரியாது. பிறந்தநாள், கல்யாண நாள் உள்ளவங்க முன்னால வந்து காணிக்கை போடுவாங்க, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். எல்லாச் சபையிலயும் உள்ளதுதான். இவுக அதுல புதுசா ஒண்ணச் சேத்தாக. ரட்சிக்கப்பட்ட நாள்! நவம்பர் வந்தாப் போதும், புதுச் சட்டை, சென்ட்டு, கேக்குக்கு ஆர்டரு. எங்க கல்யாண நாள் எந்த மாசம்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாக. ஆண்டவர் தொட்ட நாள் மட்டும் மணி நிமிஷத்தோட தெரியும்.

அந்தச் சாட்சிய நீங்க இன்னும் கேக்கல, இல்ல? எனக்கு மனப்பாடம். நான் பெரிய குடிகாரன் சகோதரர்களே, கணக்குல மார்க்கு குறைஞ்சதுக்கு என் மகன அறைஞ்சேன், அவன் இடது காது போச்சு. உடனே சபை உச்சுக் கொட்டும். அதே வருஷம் ஆண்டவர் என்னைத் தொட்டார், என் மகன் காதையும் தொட்டுத் திறந்தார். அல்லேலூயா, கைதட்டு, கீபோர்டு. முதல் வருஷம் ஒரே ஒரு அறைதான் பாத்துக்கிடுங்க. அப்புறம் ரெண்டு ஆச்சு. அப்புறம் சுவத்துல மோதினான், ரத்தம் வந்துச்சு. பாவம் பெருசா இருந்தாத்தானே மாறினது பெருசாத் தெரியும்? அதான் வருஷா வருஷம் கொஞ்சம் சதை போட்டுச்சு.

பிராங்ளின முன்னால கூப்பிட்டு நிறுத்துவாக. கழுத்துல ஒரு டை. தோள்ல கையப் போட்டு, இவன்தான் என் சாட்சின்னு சொல்லுவாக. மாட்டுச் சந்தையில நிறுத்துவாங்களே, அந்த மாதிரி. பதினஞ்சு வயசு இருக்கும், ஒரு நவம்பர்ல அவன் வரமாட்டேன்னுட்டான். கத்திப் பாத்தாக, கெஞ்சிப் பாத்தாக, ஊஹூம். அதோட சபைப் பக்கமே வரல. இப்ப ஏர்போர்ட்டுல கார்கோவுல வேலை, ஷிப்டு. இந்த வீட்டுலதான் இருக்கான், ஆனா அப்பாகிட்ட பேச்சுன்னா சப்ஜி, சாவி, அவ்வளவுதான்.

மாறின மனுஷனோட குடும்பம் நடத்தின கதையக் கேளுங்க. குடி நின்னுச்சு. அத நான் மறுக்கல, அதுக்கு ஸ்தோத்திரம். பாட்டில வச்சுட்டு வாய எடுத்துக்கிட்டாக. இவுக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருப்பாக, அடுப்படியில குக்கர் விசில் அடிச்சிரும். ஆவியானவர் இறங்குத நேரத்துல என்னட்டி சத்தம்னு ஒரு கத்து. இவுக ஆமென் சொல்லுத வரைக்கும் பருப்பு காத்திருக்குமா? கீழ பார்க்கிங்குக்காக செக்யூரிட்டி கார்டு பையாவ வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு, அதே வாயோட மேல ஏறி வந்து வேதம் வாசிப்பாக. கேட்டா, நான் அன்னைக்கே மாறிட்டேன்பாக. அன்னைக்கே மாறி முடிச்ச ஆளுக்கு இன்னைக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க? பாஸான பரீச்சைய யாராவது மறுபடி எழுதுவாங்களா? சர்டிஃபிகேட்ட மட்டும் வருஷத்துக்கு ஒருக்கா எடுத்துத் தொடச்சு வைப்பாங்க. சபைக்கும் அதான் சவுகரியம். ஒரு கேக், ஒரு கைதட்டு, அச்சா, வீட்டுக்குப் போ.

சிரிக்காதீங்க பாஸ்டர், நான் கடுப்புல பேசுதேன்.

இந்த ஆகஸ்ட்டுல ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். இவுக எப்பவும் ஜன்னல் பக்கம், பக்கத்துல பிராங்ளின். ரசத்த நகத்துடான்னாக. அவன் பாட்டுக்கு போனப் பாத்துச் சாப்பிடுதான். மறுபடி கூப்பிட்டாக. திரும்பல. இவுகளுக்கு ஏறிருச்சு. ஏலே, அப்பன் பேசுதது உன் காதுலன்னு ஆரம்பிச்சாக. அவ்வளவுதான். பாதியில நின்னு போச்சு. ஓங்கின கை அந்தரத்துல நிக்குது. அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். இத்தனை வருஷமா மைக்குல சொன்ன மனுஷன், அந்தக் கதைய அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

மறுநாள் பாத்தா, தன் நாற்காலிய எடுத்து அவனுக்கு வலது பக்கம் போட்டிருக்காக. அங்கன இடமே கிடையாது, முழங்கை சுவத்துல இடிக்கும். மன்னிப்புக் கேக்கல, கண்ணீர் விடல. நாற்காலி மாறுச்சு. ஆகா, இதுக்கும் ஒரு கேக் ஆர்டர் பண்ணட்டுமான்னு கேட்டேன். பிராங்ளின் என்னையும் பாத்தான், சுவத்துல இடிக்குத முழங்கையையும் பாத்தான். அப்புறம் சாப்பிட்டான்.

ஐயோ, இல்ல. நல்ல மனுஷனா மாறிட்டாகன்னு நான் சொல்லவே இல்லையே. நேத்துகூட கீசர் ரிப்பேருக்காக என்னைக் கத்தினாக. பாதியில நிறுத்திட்டு பால்கனிக்குப் போனாக, துணிக் கொடியப் பிடிச்சுக்கிட்டு நின்னாக, உள்ள வந்து மறுபடி முதல்ல இருந்து மெதுவா ஆரம்பிச்சாக. பாதியில மறுபடி கத்து. மறுபடி பால்கனி. டெல்லிக் குளிருல இந்தக் கூத்து தேவையா? மாறுதது இவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கேக் வெட்டியிருப்பாகளா?

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வாரேன். நீங்க மைக்குல இவுக பேரச் சொன்னீங்க, கீபோர்டு ஆரம்பிச்சிருச்சு. இவுக எழுந்திரிச்சாக. முன்னால வரல, பின்னால நடந்தாக. ஆமா, கடைசி பெஞ்சுல ஒரு தாடிக்காரப் பையன் பக்கத்துலதான் போயி உக்காந்தாக. யாரோ விசிட்டர்னு வாசல்ல நீங்க கைகூடக் குடுத்தீங்களே, அவன்தான் எங்க பிராங்ளின். டியூட்டி முடிச்சு நேரா வந்திருக்கான், யூனிஃபார்மோட. யாரும் கூப்பிடல. ஏன்டா வந்தன்னு நானும் கேக்கல. கேட்டா மறுபடி வரமாட்டானோன்னு பயம், வேற என்ன?

இவுக அவன நகரச் சொல்லி, அவனுக்கும் சுவத்துக்கும் நடுவுல நெருக்கியடிச்சு உக்காந்தாக. வலது பக்கம். டெல்லியில பிறந்த பிள்ளை, பிரசங்கத் தமிழ் அவனுக்குப் பாதி புரியாது. புரியாத இடத்துல எல்லாம் இவுக குனிஞ்சு ஹிந்தியில சொல்லிக்கிட்டே இருந்தாக. நீங்க பேசும்போது பின்னால குசுகுசுன்னு சத்தம்னு ஆபிரகாம் அண்ணன் முறைச்சாங்களே, அது அதுதான்.

ஏன் வலது பக்கமா? இடது காது கேக்காது பாஸ்டர்.

அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்காது. நான் நர்ஸு, டெஸ்டுக்கு அவனக் கூட்டிட்டுப் போனதே நான்தான். ரிப்போர்ட்டக் காட்டினேன், உனக்கு விசுவாசம் இல்லன்னு சபையில சொல்லிட்டாங்க. சுகமளிக்குத கூட்டத்துல காதுல எண்ணெய் பூசி, ஆபிரகாம் அண்ணன் அவன் பின்னால போயி நின்னு, தம்பி கேக்குதாப்பான்னு கேட்டாங்க. பின்னால நின்னு கேட்டா நல்ல காதுல கேக்காதா? பிள்ளைக்கு அப்ப பத்து வயசு. அவங்க அப்பா மூஞ்சியப் பாத்தான். அப்பா அழுதுக்கிட்டு நிக்காக. கேக்குதுன்னு தலைய ஆட்டிட்டான்.

லிஃப்ட் சத்தம், இவுகதான். பால் வந்துருச்சு, டீ குடிச்சிட்டுப் போங்க. கேக்கை மட்டும் எடுத்துக்கிடுங்க. பின்வாங்கிட்டாரான்னு சபையில கேட்டா, ஆமா, கடைசி பெஞ்சு வரைக்கும் பின்வாங்கிட்டாருன்னு சொல்லுங்க.