உள்பாவாடையில் ஒரு பை

— மெஷின் சும்மா கிடக்கு, நீ கையால என்னத்தைத் தைக்கிற சின்னவளே?

— சும்மாதான்க்கா. உள்பாவாடை ஓரம் பிரிஞ்சிருக்கு. மெஷின்ல ஊசி உடைஞ்சு போச்சு.

— காலையில அதுலதானே தலையணை உறை தைச்சேன். நல்லாத்தான் ஓடிச்சு.

— அதுக்கப்புறம் உடைஞ்சிருக்கும்.

— ம். மெஷின் சத்தத்துல அத்தையோட மத்தியானத் தூக்கம் கலைஞ்சுரும்னு பயமோ?

— நான் எதுக்குக்கா பயப்படணும்?

— அதைத்தான் நானும் கேக்குறேன். கொடு பாப்போம். ஓரம் நல்லாத்தானே இருக்கு? இது என்ன, உள்பக்கம் பை?

— கைக்குட்டை வைக்க.

— இடுப்புல சொருகுற கைக்குட்டைக்கு ஒரு சாண் பையா? உன் காலேஜ் சர்டிபிகேட்டை நாலா மடிச்சா இதுல கச்சிதமா உட்காரும்.

— நீங்களா எதையாவது நினைச்சுக்காதீங்கக்கா.

— ரெண்டு வருஷமா திறக்காத உன் பெட்டிப் பூட்டுல நேத்து எண்ணெய் விட்டிருக்கு.

— என்னை வேவு பாக்குறீங்களா? அத்தை சொல்லி வச்சாங்களா?

— வளையலை மேல தள்ளு.

— கதவுல இடிச்சுக்கிட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே.

— அண்ணன் தம்பி ரெண்டு பேர் ரூமுக்கும் ஒரே மாதிரி கதவுதான். அது எப்படி இடிக்கும்னு எனக்குத் தெரியும்.

— சரி, போய்ச் சொல்லுங்க. அத்தைகிட்ட சொல்லுங்க, உங்க கொழுந்தன்கிட்ட சொல்லுங்க. நான் வந்த நாள்லேர்ந்து நீங்க அவங்க பக்கம்தானே. நாளைக்குக் காலையில போகலைன்னா அப்புறம் நான் போகவே மாட்டேன். அவ்வளவுதான்.

— எங்க போற?

— சொல்ல மாட்டேன்.

— சொல்லாதே. அந்தக் கத்தரிக்கோலை எடு.

— அக்கா, வேண்டாம். கெஞ்சிக் கேக்குறேன், பிரிச்சுராதீங்க.

— கையை எடு. இது வெறும் ஓட்டுத் தையல், நடக்க நடக்க நூல் உருவிக்கிட்டு வந்துரும். ரெட்டை நூல் கோத்துக்க. ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால கொண்டு போய்க் குத்து. பை வாய்ல ரெண்டு பக்கமும் முடிச்சுப் போடு.

— அக்கா?

— நானும் அவசரத்துல ஓட்டுத் தையல்தான் போட்டேன். பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள பை பிரிஞ்சு, விலாசம் எழுதின சீட்டு எங்கேயோ விழுந்துருச்சு. சாயங்காலம் திரும்பி வந்து அடுப்பைப் பத்த வச்சேன். நான் போனதே இன்னிக்கு வரைக்கும் இந்த வீட்ல யாருக்கும் தெரியாது.