உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை

“புது பிளாக்லயாவது அழறதுக்கு ஒரு இடம் வெய்யுங்க மேடம்.”

ஆடுகோடி சிக்னலில் பஸ் அசையாமல் நின்றபோது, முன் இருக்கையிலிருந்த ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அந்த ஆஸ்பத்திரியை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட்.

“தோட்டம் வெச்சேனேம்மா. தியான ரூம்கூட இருக்கே.”

“தோட்டத்துல நின்னா எல்லா ஜன்னல்லயும் தெரியுது. தியான ரூமுக்குக் கண்ணாடிக் கதவு. நாங்க மாப்பு வெக்கிற ரூமுக்குத்தான் உள்ள தாழ்ப்பா. பேஷண்டோட ஆளுங்க அங்கதான் வந்து அழுவாங்க.”

ஆர்க்கிடெக்ட் மடியிலிருந்த வரைபடச் சுருளைப் பார்த்தார்.

“இருக்கிறதுலயே சின்ன ரூமாச்சே அது.”

“ஒருத்தர் உக்காரலாம் மேடம். பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்கார வெச்சிட்டு நான் வெளிய நிப்பேன். சூப்பர்வைசர் வந்து மாப்பு எங்கன்னா, சாவியைக் காணோம்னுடுவேன்.”